சுதந்திரத்தைத் தருபவை எவை? அதைப் பறித்தவர்களின் சட்டங்கள் காட்டும் விடை

1865 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கால்வெஸ்டன் துறைமுக நகரில், உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களை வென்ற ஒன்றியப் படையின் தளபதி கோர்டன் கிரேஞ்சரின் பெயரில் பொது ஆணை எண் 3 வெளியிடப்பட்டது. அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள் என்றும், முன்னாள் எசமானர்களுக்கும் முன்னாள் அடிமைகளுக்கும் இடையே தனிமனித உரிமைகளிலும் சொத்துரிமையிலும் முழுச் சமத்துவம் உண்டு என்றும் அதன் முதல் பகுதி அறிவித்தது. அடுத்து வந்த வரிகளோ, விடுதலை பெற்றவர்கள் இப்போது இருக்கும் இடங்களிலேயே அமைதியாகத் தங்கிக் கூலிக்கு வேலை செய்யுமாறு அறிவுறுத்தின. படை முகாம்களில் வந்து திரள்வதற்கு அவர்களுக்கு அனுமதியில்லை என்றும், அங்கோ வேறெங்கோ வேலையின்றி இருப்பவர்களுக்கு ஆதரவு கிடைக்காது என்றும் எச்சரித்தன. நேற்றுவரை எவனுடைய சாட்டைக்கு அஞ்சி உழைத்தார்களோ, அவனுடைய நிலத்திலேயே தங்கி உழைக்குமாறு, விடுதலையை அறிவித்த அதே தாள் அவர்களிடம் சொன்னது. வேறு எங்கே போவது, எதைக் கொண்டு வாழ்வது என்ற கேள்விக்கு அந்தத் தாளில் விடை இல்லை.

மனிதருக்குச் சுதந்திரத்தைத் தருவது எது என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை தருகிறார்கள். சட்டம் என்கிறார் ஒருவர். பணம் என்கிறார் இன்னொருவர். கல்வி, வாக்குரிமை, தொழில்நுட்பம், மன உறுதி என்று பட்டியல் நீளும். இவை எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் எது எவ்வளவு முக்கியம், எது எதனோடு பிணைந்திருக்கிறது என்பதைச் சுதந்திரத்தைப் புகழும் உரைகளிலிருந்து அறிவது கடினம். அதைப் பறிக்க விரும்பியவர்கள் எதை முதலில் தடுத்தார்கள் என்று பார்த்தால் அது தெளிவாகத் தெரிகிறது. பிறரைத் தம் கைக்குள் வைத்திருந்தவர்கள் இந்த விஷயத்தில் எந்தத் தத்துவ அறிஞரையும்விடக் கூர்மையானவர்களாக இருந்தார்கள். எந்தக் கதவைத் திறந்து விட்டால் ஆள் போய்விடுவான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்கள் இயற்றிய சட்டங்களைத் திருப்பிப் படித்தால், சுதந்திரத்தைத் தாங்கி நிற்பவை எவை என்ற பட்டியல் நமக்குக் கிடைத்துவிடுகிறது.

கால்வெஸ்டன் ஆணை வெளிவந்த அதே ஆண்டின் இறுதியில் மிசிசிப்பி மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டங்களை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். கறுப்பர் சட்டங்கள் என்று வரலாற்றில் பெயர்பெற்ற இவை, விடுதலை பெற்றவர்களுக்குச் சொத்து வாங்கவும் வழக்குத் தொடுக்கவும் திருமணம் செய்துகொள்ளவும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டன. பிறகு வேலையைத் தொடங்கின. நகர எல்லைகளுக்கு வெளியே அவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கக் கூடாது என்றது ஒரு விதி; அதாவது விவசாயம் மட்டுமே அறிந்த மக்கள் தமக்கென விவசாயம் செய்ய வழியில்லாமல் போயிற்று. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத்தில், தமக்கு வேலையோ இருப்பிடமோ இருப்பதற்கான எழுத்துச் சான்றை அவர்கள் வைத்திருக்க வேண்டும் என்றது இன்னொன்று. ஒப்பந்தக் காலம் முடியுமுன் தக்க காரணமின்றி வேலையை விட்டால், அந்த ஆண்டில் அதுவரை உழைத்ததற்கான கூலி முழுவதும் பறிபோகும். அப்படி விட்டவரை யார் வேண்டுமானாலும் பிடித்து முதலாளியிடம் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். வேறொரு முதலாளி அதிகக் கூலி தருவதாகச் சொல்லி அழைத்தால், அழைத்தவருக்கும் தண்டனை உண்டு. வேலையின்றித் திரிபவர் என்று குற்றம் சாட்டப்பட்டு அபராதம் கட்ட முடியாமல் போனால், அந்த அபராதத்தைக் கட்டுபவரிடம் அவர் வேலைக்கு விடப்படுவார்.

இந்த விதிகளில் ஒன்றுகூட ‘நீ அடிமை’ என்று சொல்லவில்லை. ஆனால் அவை தடுத்தவற்றை வரிசையாக எடுத்துப் பாருங்கள்: சொந்தமாகப் பயிரிட நிலம், வேலையை விடும் உரிமை, உழைத்த கூலியைக் கையில் பெறுவது, வேலை தேடிப் பிற இடத்துக்குப் போவது, தனக்காகப் போட்டியிடும் இன்னொரு முதலாளி. இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு தன்மை இருக்கிறது. ஒருவர் இன்னொருவரைப் பார்த்து ‘மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு, அதன் பிறகும் உயிர்வாழ வழிசெய்பவை இவை. சுதந்திரம் என்று நாம் அழைப்பதன் உயிர்நாடி இந்த மறுக்கும் திறனில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. சொல்லளவில் மறுக்க எவராலும் முடியும். மறுத்த மறுநாள் காலையில் அவருக்கு உணவும் கூரையும் இருக்குமா, அவரைத் தேடி ஆள் வருமா என்பதே விஷயம்.

இதை அந்த மக்கள் முன்பே அறிந்திருந்தார்கள். 1865 ஜனவரி 12 அன்று ஜார்ஜியாவின் சவானா நகரில், போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டனும் தளபதி ஷெர்மனும் கறுப்பினத் தேவாலயப் பணியாளர்கள் 20 பேரைச் சந்தித்தார்கள். அவர்களுக்காகப் பேசியவர் 67 வயதான கேரிசன் ஃப்ரேசியர். 1857இல் 1,000 டாலர் கொடுத்துத் தன்னையும் தன் மனைவியையும் விலைக்கு வாங்கி விடுவித்துக்கொண்டவர் அவர். அடிமைத்தனம் என்றால் என்ன என்று கேட்டபோது, எதிர்க்க முடியாத வலிமையைக் கொண்டு ஒருவன் இன்னொருவனின் உழைப்பை அவனுடைய சம்மதமின்றிப் பெறுவது என்றார். தம்மைக் காத்துக்கொள்ள எது வேண்டும் என்ற கேள்விக்கு, நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் உழுது பயிரிட வேண்டும் என்று விடையளித்தார். நான்கு நாள்களில் ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்து, கடலோர நிலத்தின் ஒரு நீண்ட பகுதியைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க ஒதுக்கினார். ஏறத்தாழ 40,000 பேர் அங்கே குடியேறினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலத்தில் பெரும்பகுதியைப் பழைய உரிமையாளர்களுக்கே திருப்பிக் கொடுக்கச் செய்தார். நிலமின்றி நின்றவர்கள் விளைச்சலில் பங்கு கொடுக்கும் குத்தகைக்கும் கடைக் கடனுக்கும் உட்பட்டு, அடுத்த பல பத்தாண்டுகளை அதே வயல்களில் கழித்தார்கள்.

கடன் என்ற கருவியைத் தனியாகப் பார்ப்பது அவசியம். சங்கிலி கண்ணுக்குத் தெரியும்; கடன் தெரியாது. கடன்பட்டவர் தானே ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்திருக்கிறார் என்பதால், அவருடைய அடிமைத்தனம் அவருடைய விருப்பம் போலவே வெளியில் தோன்றும். பண்டைய ஏதென்ஸில் கடனைத் திருப்பித் தர முடியாதவர்கள் தம் உடலையே ஈடாக வைத்து அடிமைகளாக விற்கப்பட்டார்கள், கி.மு. 594ஐ ஒட்டிச் சோலோன் செய்த சீர்திருத்தங்களில் தலையாயது, உடலை ஈடாகக் கொண்டு கடன் கொடுப்பதைத் தடைசெய்தது. அதற்கு ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே நோய்க்கு அதே மருந்து தேவைப்பட்டது. இந்தியாவில் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமையாக வேலை வாங்குவதைத் தடைசெய்ததோடு நின்றுவிடவில்லை. அதன் 6ஆம் பிரிவு, அந்தப் பிணைப்புக்குக் காரணமான கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பே இல்லாமல் போய்விட்டதாக அறிவிக்கிறது. 8ஆம் பிரிவு, விடுவிக்கப்பட்டவர் அந்த வேலையின் பேரில் குடியிருந்த வீட்டிலிருந்து அவரை வெளியேற்றக் கூடாது என்கிறது.

இந்த இரண்டு பிரிவுகளையும் நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஒருவரை விடுவிப்பதென்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை உட்கார்ந்து யோசித்தவர்கள் எழுதிய வரிகள் அவை. கடன் அப்படியே இருந்தால், விடுவிக்கப்பட்டவர் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுவார். வீடு போனால் அன்று மாலையே திரும்பி வந்துவிடுவார். சட்டம் காகிதத்தில் இருக்கிறது, களத்தில் இல்லை என்ற குறை பல இடங்களில் உண்மையே. ஆயினும் கால்வெஸ்டன் ஆணையையும் இந்தச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கு, விடுதலையை அறிவிப்பதற்கும் கொடுப்பதற்கும் உள்ள தொலைவு விளங்கும்.

சட்டத்தின் பங்கைக் குறைத்துப் பேசுவது இப்போது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. பொருளாதாரம் சரியானால் எல்லாம் தானே சரியாகும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அது சரியில்லை. எவ்வளவு செல்வம் இருந்தாலும், காரணம் சொல்லாமல் பிடித்து அடைக்கப்படக்கூடியவர் எதையும் மறுக்கத் துணியமாட்டார். ஆட்கொணர்வு மனு என்று நாம் அழைக்கும் ஏற்பாட்டின் அருமை இங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தில் அது பழங்காலத்திலிருந்தே இருந்துவந்தது. அதை வேலை செய்ய வைத்தது 1679ஆம் ஆண்டுச் சட்டம். காவலில் இருப்பவர் 20 மைல் தொலைவுக்குள் இருந்தால், நீதிப்பேராணை கிடைத்த மூன்று நாள்களுக்குள் அவரை நீதிபதி முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்றும், கைதிகளைக் கடல் கடந்த இடங்களுக்கு அனுப்பிவிட்டுக் கைவிரிக்கக் கூடாது என்றும், மனுவை மறுக்கும் நீதிபதிக்கே அபராதம் என்றும் அது விதித்தது. மைல் கணக்கும் நாள் கணக்கும் சேர்ந்த பிறகுதான் அந்த உரிமைக்குப் பல் முளைத்தது.

அதன் வலிமையை 1772இல் ஜேம்ஸ் சாமர்செட் என்பவருடைய வழக்கு காட்டியது. வட அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட அடிமையான அவர் எசமானனிடமிருந்து தப்பினார். மீண்டும் பிடிபட்டு, ஜமைக்காவுக்குப் புறப்படவிருந்த ஒரு கப்பலில் விலங்கிட்டு அடைக்கப்பட்டார். அங்கே கொண்டுபோய் அவரை விற்றுவிடுவது எசமானனின் திட்டம். லண்டனில் அவருக்கு ஞானப் பெற்றோராக இருந்தவர்கள் நீதிமன்றத்தை நாடி ஆட்கொணர்வு ஆணை பெற்றார்கள். கப்பல் தலைவர் அவரை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு முன் நிறுத்த வேண்டியதாயிற்று. 1772 ஜூன் 22 அன்று வந்த தீர்ப்பு சாமர்செட்டை விடுவித்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் வந்தது என்பதையும், வழக்குத் தொடுக்கும் அளவுக்கு அவருக்காக அக்கறை கொண்ட மூன்று பேர் வெளியே இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். வெளியில் யாரும் இல்லாதவருக்கு அந்த நீதிப்பேராணை எட்டாது.

அதே உரிமை எவ்வளவு எளிதாகக் கைநழுவும் என்பதற்கு இந்தியாவின் நெருக்கடி நிலைக் காலம் சான்று. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலை நீடிக்கும்வரை சட்டவிரோதக் காவலை எதிர்த்து நீதிமன்றத்தை அணுகும் உரிமை ஒருவருக்கும் இல்லை என்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய ஒரே நீதிபதி எச்.ஆர். கன்னா, அடுத்த ஆண்டில் தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவருக்குப் போயிற்று. 1978இன் 44ஆவது திருத்தம், உயிர்வாழும் உரிமையையும் தனிமனித சுதந்திரத்தையும் நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாதபடி செய்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே 2017இல் தவறென்று ஒதுக்கியது.

கல்வியைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே சொல்வார்கள் என்பதாலேயே, அது எந்த வழியில் விடுதலை தருகிறது என்பது மங்கிப்போகிறது. தென் கரோலினாவில் 1739இல் நடந்த அடிமைகளின் கிளர்ச்சியை அடுத்து, 1740இல் வந்த சட்டம் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைக் குற்றமாக்கியது. அந்தச் சட்டம் படிக்கக் கற்றுக்கொடுப்பதைத் தடுக்கவில்லை. அதற்கான தடை 1834இல்தான் அங்கே சேர்ந்தது. எழுத்தை முதலில் தடுத்ததற்கு ஒரு காரணம் கண்கூடானது. பண்ணையை விட்டு வெளியே செல்லும் அடிமையின் கையில் எசமானன் எழுதிய அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். எழுதத் தெரிந்தவர் அந்தச் சீட்டைத் தானே எழுதிக்கொள்ள முடியும். பிற்காலத்தில் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெருங்குரலாக விளங்கிய ஃப்ரெடெரிக் டக்ளஸ் 1836இல் தனக்கும் தோழர்களுக்கும் இப்படித்தான் சீட்டு எழுதினார். திட்டம் வெளிப்பட்டு அவர்கள் பிடிபட்டபோது, அவர் தன் சீட்டை நெருப்பில் போட்டார்; தோழர் ஒருவரிடம் அவருடைய சீட்டை ரொட்டியோடு சேர்த்துத் தின்றுவிடச் சொன்னார். சான்று அழிந்ததால் அவர்கள் தப்பினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு மாலுமியின் அடையாளத் தாளை இரவல் பெற்று ரயிலேறி அவர் வடக்கே சென்று சேர்ந்தார். எழுத்தறிவு மனத்தை விரிவாக்கும் என்பது உண்மை. அதோடு, பிறர் தன் பெயரில் எழுதி வைத்திருக்கும் ஒப்பந்தத்தையும் கணக்கையும் கடன் பத்திரத்தையும் தானே படித்துச் சரிபார்க்கும் வலிமையையும் அது தருகிறது. கணக்குப் புத்தகம் ஒருவன் கையில் மட்டுமே இருக்கும் இடத்தில் கடன் ஒருநாளும் தீர்வதில்லை.

குடும்பத்துக்குள்ளும் இதே தர்க்கம் செல்லுபடியாகிறது. இங்கிலாந்தில் 1870க்கு முன், மணமான பெண் உழைத்துச் சம்பாதித்த கூலி சட்டப்படி கணவனுடையது. அந்த ஆண்டின் சட்டம் அவளுடைய சம்பாத்தியத்தை அவளுக்கே உரியதாக்கியது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் மற்ற சொத்துகளுக்கும் அதை விரிவாக்கியது. பிரான்ஸில் மணமான பெண்கள் கணவனின் ஒப்புதலின்றி வேலைக்குப் போகவும் தம் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் சட்டம் வழிவிட்டது 1965இல்தான். அவர்கள் வாக்குரிமை பெற்று அதற்குள் இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. நாட்டின் தலைவர் யார் என்று முடிவுசெய்யும் உரிமை பெற்ற ஒருவர், தன் சம்பளம் யார் கைக்குப் போக வேண்டும் என்று முடிவுசெய்ய முடியாமல் இருந்தார். தனக்கென ஒரு வருமானமும் அதைத் தானே வைத்துக்கொள்ளும் இடமும் இருக்கும் பெண், கொடுமை நேரும்போது வீட்டை விட்டு வெளியேற முடியும். அப்படி வெளியேற முடியும் என்பது தெரிந்திருப்பதே, வெளியேறாமல் இருக்கும்போதும் அவள் நடத்தப்படும் விதத்தை மாற்றிவிடுகிறது. சுதந்திரம் தரும் பொருள்கள் பலவும் பயன்படுத்தப்படாமலேயே பயன் தருபவை என்ற உண்மை இதில் தெரிகிறது.

பிலிப் பெட்டிட் என்ற அரசியல் தத்துவ அறிஞர் விளக்கும் ஒரு கருத்து இந்த இடத்தில் பொருந்தும். இளகிய மனம் கொண்ட எசமானனிடம் இருக்கும் அடிமை, அடியும் வசையும் இன்றி, விரும்பியபடியே நாள்களைக் கழிக்கலாம். ஆனாலும் அவன் சுதந்திரமானவன் ஆகமாட்டான். எசமானனின் மனம் நாளை மாறினால் தடுக்க அவனிடம் எதுவும் இல்லை. ஆகவே அவன் எப்போதும் எசமானனின் முகம் பார்த்தே பேசுவான். யாரும் குறுக்கிடாமல் இருப்பதே சுதந்திரம் என்ற பொதுவான புரிதல் இங்கே போதாமல் போகிறது. நல்ல மேலதிகாரி, நல்ல கணவன், நல்ல ஆட்சியாளர் கிடைத்துவிட்டதைச் சுதந்திரமாகக் கருதுபவர்கள் இதைச் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும்.

வாக்குரிமையிலும் ஒரு சிறிய பொருள் பெரிய வேலையைச் செய்திருக்கிறது. பிரிட்டனில் 1872க்கு முன், வாக்காளர் தன் விருப்பத்தை எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் யாருக்கு வாக்களித்தார் என்ற பதிவேடுகள் அச்சாகியே வெளிவந்தன. 1868 தேர்தலில் நிலக்கிழார்களின் விருப்பத்துக்கு மாறாக வாக்களித்த வேல்ஸ் பகுதிக் குத்தகையாளர்கள் பலர் அதற்காக நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அரசே அச்சிட்ட, எல்லா வேட்பாளர் பெயர்களும் கொண்ட ஒரே மாதிரியான வாக்குச்சீட்டு, அதைத் தனிமையில் குறிக்க ஒரு மறைவிடம் என்ற ஏற்பாடு 1856இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தென் ஆஸ்திரேலியாவிலும் வந்து, பிறகு உலகெங்கும் பரவியது. குத்தகையாளரின் நிலம் அப்போதும் நிலக்கிழாருடையதுதான். அவருடைய வறுமையும் மாறவில்லை. மறைவிடத்தில் அவர் என்ன செய்தார் என்பது நிலக்கிழாருக்குத் தெரியாமல் போனது மட்டுமே மாற்றம். பிறர் கண்ணில் படாமல் ஒரு முடிவை எடுக்க முடிவதும் மறுக்கும் திறனின் ஒரு பகுதி என்பதால், இன்று அந்தரங்க உரிமை பற்றி நடக்கும் வாதங்களை வசதிபடைத்தவர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. எளியவருக்கே மறைவிடம் அதிகம் தேவைப்படுகிறது.

நேரமும் இந்தப் பட்டியலில் சேரும். 1919இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே தொழிற்சாலை வேலையை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பிட்டது. பெண்கள் தம் வீட்டில் கூலியின்றிச் செய்யும் வேலைக்கு அப்படியொரு வரம்பை யாரும் விதிக்கவில்லை. உலகில் ஏறத்தாழ 180 கோடிப் பேர் வீட்டு வளாகத்துக்குள் தண்ணீர் வசதி இல்லாத வீடுகளில் வாழ்கிறார்கள் என்றும், அத்தகைய வீடுகளில் பத்தில் ஏழில் தண்ணீர் சுமப்பது பெண்களும் சிறுமிகளுமே என்றும் உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 2023இல் தெரிவித்தன. சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது குடிநீர்க் குழாயை நினைப்பவர்கள் குறைவு. ஆனால் ஒரு சிறுமியின் நாளில் சில மணி நேரத்தை அவளுக்கே திருப்பித் தருவது அதுதான்.

இதுவரை சொன்னதிலிருந்து, யாரையும் சாராமல் இருப்பதே சுதந்திரம் என்று ஒருவர் முடிவுக்கு வரக்கூடும். அந்த முடிவு பிழையானது என்பதை எட் ராபர்ட்ஸின் வாழ்க்கை தெளிவாக்குகிறது. 14 வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே அசைவிழந்த அவர், இரவில் சுவாசிக்க இரும்பு நுரையீரல் எனப்படும் பெரிய எந்திரத்துக்குள் படுத்திருக்க வேண்டியிருந்தது. 1962இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அந்த எந்திரத்தை வைக்க மாணவர் விடுதியில் வசதி இல்லாததால், வளாக மருத்துவமனையின் ஒரு பகுதியில் தங்கிப் படித்தார். அவரைப் போன்ற மாணவர்கள் அங்கே ஒருவர்பின் ஒருவராகச் சேர, 1972இல் தன்னிச்சை வாழ்வுக்கான மையம் ஒன்று அந்நகரில் உருவாயிற்று. அவர்கள் முன்வைத்த கருத்து எளிமையானது, ஆழமானது. உடை உடுத்தவும் உணவு உண்ணவும் பிறர் கை தேவைப்படுவது ஒருவரின் சுதந்திரத்தைக் குறைப்பதில்லை. அந்த உதவி யாரிடமிருந்து, எப்போது, எப்படி வர வேண்டும் என்பதை முடிவுசெய்பவர் யார் என்பதே பொருட்டு. உதவியாளரை அவரே தேர்ந்தெடுத்து, வேண்டாமென்றால் மாற்றவும் முடிந்தால், அசைய முடியாத உடலிலும் அவர் சுதந்திரமானவர். நேரத்துக்கு உணவும் மருந்தும் கிடைத்தாலும், எப்போது எழ வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்பதைக்கூட ஒரு நிறுவனத்தின் அட்டவணை முடிவுசெய்தால் அவர் சுதந்திரமானவர் ஆகமாட்டார்.

உறவுகளுக்கும் இது பொருந்தும். அமெரிக்க அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஒப்புக்கொண்டதில்லை. கணவனையும் மனைவியையும் குழந்தையையும் தனித்தனியாக விற்கலாம். விடுதலை வந்ததும் அந்த மக்கள் செய்த முதல் காரியங்களில், திருமணங்களைப் பதிவு செய்ததும், விற்கப்பட்டுப் பிரிந்துபோன தாயையும் பிள்ளைகளையும் தேடிச் செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்ததும் அடங்கும். கடைசியாகப் பார்த்த ஊர், விற்றவன் பெயர், வாங்கியவன் பெயர் என்று நினைவிலிருந்த எல்லாவற்றையும் அந்தச் சிறு விளம்பரங்களில் எழுதினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைகூட அவை வந்துகொண்டிருந்தன. பற்றுகளை அறுத்துக்கொள்வதில் அவர்கள் விடுதலையைத் தேடவில்லை. யாரோடு பற்றுக்கொள்வது என்பதை இன்னொருவன் முடிவுசெய்யாத நிலையையே விடுதலையாகக் கருதினார்கள். அவர்கள் கருதியது சரி.

உள்ளத்தின் சுதந்திரம் எங்கே வருகிறது என்று கேட்கலாம். அடிமையாகப் பிறந்து ரோமில் தத்துவ ஆசிரியராக உயர்ந்த எபிக்டெட்டஸ், நம் மதிப்பீடுகளும் விருப்பங்களும் மட்டுமே நம் கட்டுப்பாட்டில் உள்ளவை, அவற்றை எவராலும் பறிக்க முடியாது என்று கற்பித்தார். சிறையிலும் நோயிலும் பலரைத் தாங்கிப் பிடித்த உண்மை அது. தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்போது அது வலிமை தருகிறது. வேலை வாங்குபவர் வேலை செய்பவருக்கு அதையே போதிக்கும்போது, கூலியைக் கேட்காமல் மனத்தைச் சரிசெய்துகொள் என்று பொருளாகிவிடுகிறது. யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் அந்தப் போதனையை ஏற்கலாகாது.

கூடிச் செயல்படும் உரிமையை ஆட்சியாளர்கள் எப்போதும் கூர்ந்து கவனித்துவந்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1799, 1800ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொழிலாளர்கள் கூலி உயர்வுக்காக ஒன்றுசேர்வதைக் குற்றமாக்கின. 1824இல்தான் அவை நீக்கப்பட்டன. தனியொருவர் மறுத்தால் அவரிடத்தில் வேறொருவரை வைத்துக்கொள்ளலாம், எல்லோரும் சேர்ந்து மறுத்தால் முடியாது என்ற கணக்கே அந்தத் தடைக்குக் காரணம். மறுக்கும் திறனைத் தனி ஆளாகப் பெற வழியில்லாத பெரும்பாலோருக்குச் சங்கம் ஒன்றே அதைத் தந்தது.

இவை எல்லாம் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைப் பிடித்து வைத்திருந்தது அரசுகள் அல்ல, தனியார். கட்டாய உழைப்பை அடையாளம் காண்பதற்கு அந்த அமைப்பு தரும் அறிகுறிகளில், அடையாள ஆவணங்களைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, கூலியை நிறுத்தி வைப்பது, கடனால் பிணைப்பது, பிறரிடமிருந்து தனிமைப்படுத்துவது, நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவது ஆகியவை இருக்கின்றன. 1865இன் மிசிசிப்பிச் சட்டங்களோடு இதை ஒப்பிட்டால், பட்டியல் ஏறத்தாழ அப்படியே இருப்பதைக் காணலாம்.

வெளிநாட்டு வேலைக்குப் போகும் ஒருவருடைய நிலையை எண்ணிப் பார்க்கலாம். வேலையைப் பெற்றுத் தந்த முகவருக்குக் கொடுக்க அவர் வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார். இறங்கிய அன்றே கடவுச்சீட்டு முதலாளியின் மேசை அறைக்குள் போய்விடுகிறது. முதல் சில மாதச் சம்பளம் ‘பிறகு சேர்த்துத் தருகிறோம்’ என்று நிறுத்தப்படுகிறது. அவருடைய விசா அந்த ஒரே முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. விலகினால் அந்நாட்டில் இருப்பதே குற்றம். அவரை யாரும் பூட்டி வைக்கவில்லை. கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் வெளியே போனால் கடவுச்சீட்டு இல்லை, வரவேண்டிய சம்பளம் இல்லை, சட்டப்படி தங்க இடமில்லை, ஊரில் கடன்காரர் வீட்டு வாசலில் நிற்கிறார். இவற்றில் ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்ற மூன்றும் அவரை அங்கேயே நிறுத்திவைக்கும்.

அதனால்தான் இன்று கட்டாய உழைப்பை ஒழிக்கப் பாடுபடுபவர்கள் இந்த நான்கு இழைகளையும் ஒருசேரத் தொடுகிறார்கள். வேலைக்கு ஆளெடுக்கும் தனியார் முகமைகள் தொழிலாளரிடம் பணம் வாங்கக் கூடாது என்ற பொது விதியை பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆவது உடன்படிக்கை கொண்டிருக்கிறது. கட்டாய உழைப்பு பற்றிய 1930ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு 2014இல் சேர்க்கப்பட்ட நெறிமுறை, ஆளெடுப்பில் நடக்கும் முறைகேடுகளிலிருந்து, குறிப்பாகப் புலம்பெயர்ந்த தொழிலாளர்களைக் காக்க வேண்டும் என்றும், பாதிக்கப்பட்டவருக்கு அந்நாட்டில் தங்கும் சட்டத் தகுதி எதுவாக இருந்தாலும் தீர்வும் இழப்பீடும் எட்ட வேண்டும் என்றும் அரசுகளைக் கட்டுப்படுத்துகிறது. முதலாளியின் அனுமதியின்றி வேலை மாற உரிமை, கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பதற்குத் தண்டனை, சம்பளம் வங்கிக் கணக்கில் நாள் தவறாமல் சேர்வதைக் கண்காணிக்கும் முறை ஆகியவை சில நாடுகளில் சட்டமாகியிருக்கின்றன. இந்த ஏற்பாடுகளைக் கையெழுத்திட்டு ஏற்காத அரசுகளை ஏற்கச் செய்வதும், ஏற்ற அரசுகளிடம் எத்தனை கடவுச்சீட்டுகள் உரியவர் கைக்குத் திரும்பின, எத்தனை பேரின் சம்பள பாக்கி தீர்ந்தது என்று கணக்குக் கேட்பதும்தான் இப்போது செய்யப்பட வேண்டிய வேலை.